சர்வர் மாற்றிய பிறகு பழைய தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரியுது, புதுசு கேள்விக்குறியா விழுது. யாராவது வழி சொல்லுங்க

மேல்மலைப்பூண்டு எழுதியது:

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில பூண்டு போடுறவங்க குழு ஒண்ணுக்கு நான்தான் கணக்கு பாக்குறேன். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கௌஞ்சி, கிளாவரை பக்கத்து ஆளுங்க. யார் எத்தனை மூட்டை கொடுத்தாங்க, வடுகபட்டி சந்தையில என்ன விலைக்குப் போச்சு, யாருக்கு எவ்வளவு பட்டுவாடா, இவ்வளவுதான் அதுல வேலை. 2013ல ஒரு தம்பி பிஎச்பி புரோகிராம், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல எழுதிக் கொடுத்தது. அவர் இப்ப வெளிநாட்டுல. நான் புரோகிராமர் கிடையாது. ஆனா ஃபைலைத் திறந்து சொன்ன இடத்துல ஒரு வரி மாத்துவேன், பிஎச்பிமைஅட்மின்ல (டேட்டாபேஸைப் பிரவுசர்ல திறக்கிற பக்கம்) கட்டளை ஓட்டுவேன்.

பழைய சர்வரை மூடுறோம்னு சொல்லி, சர்வர் கம்பெனிக்காரங்களே (பேரு வேண்டாம்) போன மாசம் எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக் கொடுத்தாங்க. அதுல இருந்துதான் இந்தக் கூத்து. பழைய உறுப்பினர் பேரெல்லாம் மேல சாய்கோடு போட்ட சின்ன இங்கிலீஷ் 'ஏ', பக்கத்துல வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் 'ஆர்', அப்புறம் ஏதாவது ஒரு குறி, இப்படியே திரும்பத் திரும்ப வருது. எடை, தொகை, தேதி எல்லாம் சரியா இருக்கு. தமிழ் மட்டும்தான் போச்சு.

மாத்தினதுக்கு அப்புறம் புதுசா சேத்தவங்க பேரு வெறும் கேள்விக்குறி. முருகாயின்னு போட்டா எட்டுக் கேள்விக்குறி வருது. பேருல இருக்கிறது நாலே எழுத்து!

கம்பெனிக்குப் போன் போட்டா, "ஊர் டேபிளை மட்டும் கன்வெர்ட் பண்ணிப் பாத்தோம், இப்ப சரியாயிருக்கும்"னாங்க. பாத்தா அதே சாய்கோட்டு ஏ, அதே வட்ட ஆர். ஒரு மாற்றமும் இல்லை.

நானும் பக்கத்தோட தலையில மெட்டா கேர்செட் (எந்த எண் எந்த எழுத்துங்கிற பட்டியலோட பேரு) யூடிஎஃப்-8 இருக்கான்னு பாத்தேன், இருக்கு. வேற பிரவுசர்லயும் பாத்தாச்சு.

இதுல சேராத இன்னொண்ணும் இருக்கு. ரொம்பப் பழைய உறுப்பினர்கள் கொஞ்சப் பேரோட விலாசம் சுத்தமா இங்கிலீஷ் எழுத்தா இருக்கு, நடுவுல நடுவுல அரைப்புள்ளி. அது பழைய சர்வர்லயே அப்படித்தான் இருந்துச்சு.

பட்டுவாடா பட்டியல் பேங்குக்குப் போகணும். ரோட்டுல பாக்குறவங்க எல்லாம் "என்னக்கா, என் பேரு என்னாச்சு"ன்னு கேக்குறாங்க. உதவி பண்ணுங்க.

நள்ளிரவு_கோடு எழுதியது:

ரொம்ப சிம்பிள் அக்கா. டேபிள் லத்தீன்1ல இருக்கும். எல்லா டேபிளையும் யூடிஎஃப்8எம்பி4க்கு, அதாவது மைஎஸ்க்யூஎல்லோட முழு யூடிஎஃப்-8க்கு, கன்வெர்ட் பண்ணுங்க. ஒரே வரி. முடிஞ்சது.

ஈயஅச்சு எழுதியது:

அம்மா, மேலே தம்பி சொன்ன ஒரே வரியை இன்றைக்கு ஓட்டிவிடாதீர்கள். உங்கள் சர்வர்க்காரர் ஊர் டேபிளுக்குச் செய்ததும் அதே வரிதான். திரையில் மாற்றம் இல்லை என்கிறீர்கள். உள்ளே மாறிவிட்டது, அதுவும் ஒரு சுற்று கூடுதலாகக் கெட்டிருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால், பதிவை இப்போதே நிறுத்துங்கள். புதிதாகப் போடும் ஒவ்வொரு பெயரும் கேள்விக்குறியாக விழுகிறதே, அது விழுந்தது விழுந்ததுதான். உள்ளே இருப்பது உண்மையிலேயே கேள்விக்குறி, பைட் எண் 63. அதற்குப் பின்னால் தமிழ் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அந்தப் பெயர்களை ரசீதுக் கட்டையைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான், வேறு மந்திரம் இல்லை. நாலெழுத்துக்கு எட்டு வந்ததற்குக் காரணம், யுனிகோடில் ம ஒரு குறி, அதன் உகரம் இன்னொரு குறி. முருகாயியில் நாலு மெய், நாலு உயிர்க்குறி, ஆக எட்டு.

அந்தச் சாய்கோட்டு ஏ குப்பை இருக்கிறதே, அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, இந்த இரண்டில் ஒன்றுதான். மூன்றாவதுதான் குறிக்குக் குறி மாறும். 'க' என்றால் 224, 174, 149. இதே எண்களை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 பட்டியலில் வைத்துப் படித்தால் 224 சாய்கோடு வைத்த ஏ, 174 வட்டத்துக்குள் ஆர், 175 மேலே கிடக்கும் ஒரு சிறு கோடு. அதாவது உங்கள் உறுப்பினர் பெயர்கள் முழுசாக இருக்கின்றன. படிக்கிறவன்தான் தப்பான பட்டியலை வைத்துப் படிக்கிறான்.

பத்து வருஷம் எப்படி ஒழுங்காக ஓடியது? மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முன்னால், எதுவும் சொல்லாமல் டேபிள் உண்டாக்கினால் அது லத்தீன்1, மேலே சொன்ன 1252 பட்டியல்தான். இணைப்பும் லத்தீன்1. பிரவுசர் அனுப்பிய தமிழ் பைட்டுகளை உங்கள் பிஎச்பி "இது லத்தீன்" என்று சொல்லிக் கொடுத்தது. டேட்டாபேஸ் நம்பி வாங்கி வைத்தது. கேட்டபோது "இந்தா லத்தீன்" என்று அதே பைட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. பிரவுசர் அதைத் தமிழாகக் காட்டியது. பூண்டு மூட்டையின் மேல் 'உருளை' என்று எழுதி வத்தலக்குண்டு பஸ்ஸில் போட்டு விடுகிற மாதிரி. ஏற்றுகிறவருக்கும் இறக்குகிறவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும் வரை மூட்டை ஒழுங்காகப் போய்ச் சேரும். 2018ல் வந்த 8.0ல் இயல்பு யூடிஎஃப்8எம்பி4. பிஎச்பியில் இணைப்பின் கேர்செட்டை நாமே சொல்லாவிட்டால், சர்வரின் இயல்பு எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும். உங்கள் தம்பி 2013ல் சொல்லாமல் விட்டிருப்பார், அந்தக் காலத்தில் பாதிப் பேர் சொல்வதில்லை. ஆக டேபிளின் மேல் இன்னும் லத்தீன் என்ற சீட்டு, இணைப்பில் யூடிஎஃப்-8. இப்போது டேட்டாபேஸ் கடமை உணர்ச்சியோடு மொழிபெயர்க்க ஆரம்பித்துவிட்டது. எடுக்கும்போது 224ஐ நிஜமான சாய்கோட்டு ஏ ஆக்கித் தருகிறது. வைக்கும்போது தமிழ் எழுத்துக்கு லத்தீன் பட்டியலில் இடம் இல்லை, கேள்விக்குறி போட்டு வைக்கிறது. ஸ்ட்ரிக்ட் மோடு போட்டிருந்தால் பிழை காட்டி மறுத்திருக்கும், உங்களுக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும். உங்கள் சர்வரில் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் என் ஊகம். திரையைப் பார்த்துச் சொன்னது. டேபிளுக்குள் என்ன பைட் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கூக்கால் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வரியை எடுங்கள். உறுப்பினர் டேபிளில் ஒன்று, ஊர் டேபிளில் ஒன்று. ஊர்ப் பெயர் இருக்கும் காலத்துக்கு (டேபிளின் நெடுக்குப் பத்தி) லெங்த், கேர்_லெங்த் இரண்டையும் செலக்ட் கட்டளையில் கேளுங்கள். முதலாவது பைட் கணக்கு, இரண்டாவது குறிக் கணக்கு.

கூக்கால் என்ற பெயரில் எட்டுக் குறி. சரியாகச் சேமித்திருந்தால் பைட் 24, குறி 8 என்று வரவேண்டும். உங்கள் உறுப்பினர் டேபிளில் 24, 24 என்று வரும். தமிழ் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, சீட்டு மட்டும் லத்தீன் என்று அர்த்தம். ஊர் டேபிளில் 52, 24 என்று வரும். கன்வெர்ட் செய்தபோது சாய்கோட்டு ஏ, வட்ட ஆர் எல்லாவற்றையும் நிஜ எழுத்து என்று நம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாக யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறது. 'க' ஒன்றே மூன்று பைட்டிலிருந்து ஏழு ஆகியிருக்கும். இரண்டு டேபிளும் திரையில் ஒரே குப்பையாகத்தான் தெரியும், மருந்து வேறு வேறு.

எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னபடியே வந்தால் இப்படிச் செய்யலாம்.

பேக்கப் எடுங்கள். பிறகு உறுப்பினர் டேபிளின் ஒவ்வொரு தமிழ்க் காலத்தையும் ஆல்டர் டேபிள், மாடிஃபை கொண்டு முதலில் வார்பைனரி ஆக்குங்கள், அதே நீளம். டெக்ஸ்ட் காலமாக இருந்தால் பிளாப். பைனரி என்றால் எழுத்து என்ற நினைப்பே இல்லாத வெறும் பைட். அதனால் எதையும் மொழிபெயர்க்காது. அடுத்த கட்டளையில் அதையே எழுத்து வகையான வார்கேர், கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றுங்கள். சீட்டு மாறிவிடும், சரக்கு அப்படியே இருக்கும். நேராக லத்தீனிலிருந்து யூடிஎஃப்-8க்குத் தாண்டினால்தான் ஊர் டேபிளின் கதி. மாடிஃபையில் நாட் நல், டிஃபால்ட் எல்லாவற்றையும் திரும்ப எழுதுங்கள், விட்டால் போய்விடும். கேர் வகைக் காலம் இருந்தால் அதையும் வார்பைனரி வழியாகவே கொண்டு வாருங்கள். வெறும் பைனரியாக்கினால் வால் பக்கம் சுழியம் சுழியமாக ஒட்டிக்கொள்ளும்.

ஊர் டேபிளுக்கு இரண்டு சுற்றையும் அவிழ்க்க வேண்டும். உள்ளே கன்வெர்ட் ஊர் யூசிங் லத்தீன்1, அதைச் சுற்றி பைனரி, அதையும் சுற்றி கன்வெர்ட் யூசிங் யூடிஎஃப்8எம்பி4. முதலில் செலக்டில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் திருப்தியானால் அப்டேட். ஹெக்ஸ் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் ஃபங்ஷன்) சி3ஏ0 என்று தொடங்கும் வரிகளுக்கு மட்டும் ஓட்டுங்கள். நல்ல தமிழாக உள்ள வரிக்கு இதை ஓட்டினால் அதுவும் கேள்விக்குறி ஆகிவிடும்.

கடைசியாக, டேட்டாபேஸ் இணைக்கும் ஃபைலில் இணைப்பு வரிக்கு அடுத்து மைஎஸ்க்யூஎல்ஐ செட் கேர்செட், யூடிஎஃப்8எம்பி4. 'செட் நேம்ஸ்' என்று குவெரியாக அனுப்பாதீர்கள், எஸ்கேப் செய்கிற ஃபங்ஷனுக்கு அது தெரியாது. வெறும் 'யூடிஎஃப்8' என்றாலும் தமிழுக்குப் போதும், அது மூன்று பைட் வரை வாங்கும். ஆனால் யாராவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூப் படம் போட்டால் அது நாலு பைட். எம்பி4 என்றே போட்டுவிடுங்கள்.

மெட்டா வரியைப் பார்த்தீர்கள், நல்லது. அது ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். சர்வர் ஹெடரில் வேறு கேர்செட் சொன்னால் மெட்டாவை யாரும் மதிக்க மாட்டார்கள், ஹெடர் சொன்னதுதான். ஆனால் உங்கள் கோளாறு அங்கே இல்லை. பக்கத்தில் உள்ள மற்றத் தமிழ், 'உறுப்பினர் பட்டியல்' என்ற தலைப்பு மாதிரி ஃபைலிலேயே எழுதியிருப்பது, சரியாகத் தெரிகிறது அல்லவா? அப்படியானால் பிரவுசர் வரை எல்லாம் ஒழுங்கு.

நள்ளிரவு_கோடு எழுதியது:

அண்ணே, பைனரி எல்லாம் அக்காவுக்குச் சுத்து வழியா இருக்காதா? குப்பையா தெரியுறதை அப்படியே டம்ப் எடுத்து (டேபிளை ஒரு ஃபைலா இறக்கி), நெட்ல இருக்கிற கன்வெர்ட்டர்ல ஒட்டித் தமிழாக்கி, திரும்ப ஏத்திடலாமே. இல்லன்னா பைத்தான்ல சிபி1252ன்னு (அதே விண்டோஸ்-1252) ஒரே வரி. நான் ஒரு தெலுங்கு சைட்டுக்கு அப்படித்தான் யோசிச்சு வச்சிருக்கேன்.

ஈயஅச்சு எழுதியது:

தம்பி, பைத்தானில் ஓட்டிப் பாருங்கள், முதல் புள்ளியிலேயே நிற்கும்.

விண்டோஸ்-1252 பட்டியலில் ஐந்து இடம் காலி. 129, 141, 143, 144, 157. இந்த எண்களுக்கு எழுத்தே ஒதுக்கவில்லை. தமிழில் புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் கொம்பின் மூன்றாவது பைட் 129. தமிழ் எழுத்து ஏவுக்கு 143, ஐக்கு 144. தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாமல் எத்தனை பெயர் எழுத முடியும்? மைஎஸ்க்யூஎல் அதன் லத்தீன்1ல் இந்த ஐந்து இடங்களையும் சும்மா விடாமல் கட்டுப்பாட்டுக் குறிகளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. அதனால் டேட்டாபேஸுக்குள்ளேயே போய்த் திரும்பினால் ஒரு பைட் குறையாது. வெளியே எடுத்து ஒட்டினால் அவை கண்ணுக்குத் தெரியாத குறிகள். ஒரு எடிட்டர் வைத்துக்கொள்ளும், இன்னொன்று சத்தமில்லாமல் தின்றுவிடும். திரும்ப வரும்போது முத்தம்மாள் புள்ளியில்லாமல் நிற்பாள். ஆயிரம் வரியில் எதில் தின்றது என்று யார் தேடுவது?

டம்ப் வழியாகத்தான் போவேன் என்றால் டம்ப் எடுக்கும்போதே டிஃபால்ட் கேரக்டர் செட் லத்தீன்1 என்று சொல்லி எடுங்கள். ஃபைலில் நல்ல தமிழே தெரியும். பிறகு ஃபைலுக்குள் டேபிளின் சீட்டையும், மேலே உள்ள செட் நேம்ஸ் வரியையும் எம்பி4 என்று மாற்றி ஏற்றலாம். கன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம். அம்மா பிஎச்பிமைஅட்மினில்தான் வேலை செய்கிறார் என்பதால் ஆல்டர் வழி சொன்னேன்.

குன்னூர்_இலைக்கணக்கு எழுதியது:

நீலகிரியில் இருந்து ஒரு குறிப்பு. இங்கே பச்சைத் தேயிலை போடும் சிறு விவசாயிகள் பட்டியலை நான் வைத்திருக்கிறேன். எல்லாம் சரி செய்த பிறகு, அக்கா பேங்குக்குப் பட்டியலை சிஎஸ்வியாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) இறக்கி எக்செலில் டபுள் கிளிக் செய்வார். அங்கே மறுபடி அதே சாய்கோட்டு ஏ வரும். பயந்துபோய் டேபிளைத் தொடாதீர்கள். அது வேறு வியாதி.

சிஎஸ்வி ஃபைலுக்குத் தன் கேர்செட்டைச் சொல்ல வாய் கிடையாது. எக்செல் பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸின் பழைய கோட்பேஜ் (எழுத்துப் பட்டியல்) என்று நினைத்துத் திறக்கும். ஃபைலை எழுதும் பிஎச்பியில், முதல் வரிக்கு முன்னால் 239, 187, 191 என்ற மூன்று பைட்டை எழுதிவிட்டால் யூடிஎஃப்-8 என்று அதற்குப் புரிந்துவிடும். இந்த மூன்று பைட்டுக்குப் பெயர் பாம். சிஎஸ்விக்கு மட்டும்தான் போட வேண்டும். பிஎச்பி ஃபைலையே பாமோடு சேவ் செய்தால் 'ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது' என்று லாகின் பக்கம் சண்டை போடும்.

கோடைத் தொட மனமில்லை என்றால் எக்செலில் டேட்டா டேபுக்குப் போய், டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியில் இருந்து என்பதை எடுத்து, ஃபைல் ஒரிஜினில் 65001 தேர்ந்தெடுங்கள்.

ஒன்றே ஒன்று. குப்பையாகத் திறந்த ஃபைலை யாரும் சேவ் செய்து, திரும்ப அப்லோட் செய்யக் கூடாது. எங்கள் பக்கம் ஒரு அலுவலகத்தில் அப்படித்தான் நடந்தது. டேபிள் நன்றாகத்தான் இருந்தது, எக்செல் போய் வந்த வரிகள் மட்டும் கெட்டு, பாதி தமிழ், பாதி குப்பை. சர்வரைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மேல்மலைப்பூண்டு எழுதியது:

ஐயா, அப்படியே வந்துச்சு! உறுப்பினர்ல 24, 24. ஊர்ல 52, 24. எனக்கு நம்பவே முடியல.

கரண்ட் போய்ப் போய் வந்ததால மெதுவாத்தான் பண்ணினேன். பேக்கப் எடுத்தாச்சு. ஊர் டேபிள் சுத்தமா தமிழாயிருச்சு. உறுப்பினர்ல பேரு காலமும் சரியாயிருச்சு, இணைப்பு வரியும் போட்டாச்சு. கேள்விக்குறி விழுந்தவங்க பதினோரு பேருதான், ரசீதைப் பாத்து அடிச்சுட்டேன்.

விலாசக் காலத்துலதான் மாட்டிக்கிச்சு. வார்பைனரி 50 ஆச்சு. திரும்ப வார்கேர் ஆக்கும்போது பிழை எண் 1366, தப்பான ஸ்ட்ரிங் வேல்யூன்னு ஒரு வரியைக் காட்டி நின்னுருது. நீங்க சொன்ன ஸ்ட்ரிக்ட் மோடை நான் இப்ப போட்டு வச்சிருக்கேன், அதனாலயா? எடுத்துட்டு ஓட்டட்டுமா?

அப்புறம் இன்னொண்ணு. கௌஞ்சின்னு தேடினா பாதிப் பேருதான் வர்றாங்க. மீதிப் பேருக்கும் கௌஞ்சின்னுதான் போட்டிருக்கு, என் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியுது. இது பழைய சர்வர்லயும் இருந்த தொந்தரவு. அப்ப யாரும் கண்டுக்கல.

ஈயஅச்சு எழுதியது:

ஸ்ட்ரிக்ட் மோடை எடுக்காதீர்கள். அது காட்டிக்கொடுக்கிறது, எடுத்துவிட்டால் அந்த வரிகளைச் சொல்லாமல் வெட்டிவிடும்.

50 என்ற நீளம்தான் காரணம். லத்தீன் டேபிளில் 50 என்றால் 50 பைட். தமிழுக்கு அதில் பதினாறு குறிதான் முழுசாகக் கொள்ளும், மிச்சம் இரண்டு பைட். 'மங்களங்கொம்பு தாண்டிக்குடி' என்று ஒருவர் விலாசம் போட்டிருந்தால், மங்களங்கொம்புக்கு 39, இடைவெளிக்கு 1, மிச்சம் பத்து பைட்டில் 'தாண' மட்டும் ஒன்பது. ஐம்பதாவது பைட்டாக அடுத்து வரும் புள்ளியின் முதல் பைட்டான 224 மட்டும் உள்ளே போய், மற்ற இரண்டும் வெளியே நின்றுவிட்டன. அரைகுறைக் குறி. அந்தக் காலத்தில் திரையில் கடைசியில் ஒரு சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்திருக்கும், அல்லது ஒன்றுமே தெரிந்திருக்காது. இப்போது யூடிஎஃப்-8 ஆக்கும்போது டேட்டாபேஸ் ஒவ்வொரு குறியையும் எண்ணிப் பார்க்கிறது, மாட்டிக்கொண்டது.

லெங்த் சரியாக 50 உள்ள வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், அவைதான் வெட்டுப்பட்டவை. அதிகம் இருக்காது. ஸ்கிரிப்ட் எழுதிக் கடைசி பைட்டைக் கிள்ளலாம், ஆனால் கிள்ளினாலும் 'தாண' என்றுதானே நிற்கும்? பேரேட்டில் முழு விலாசம் இருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள். வார்பைனரியாக இருக்கும்போதே நீளத்தை 600 ஆக்கிவிட்டு, வெட்டுப்பட்டதைத் திருத்தி, பிறகு வார்கேர் 200 எம்பி4. இனிமேல் 200 என்றால் 200 குறி.

கௌஞ்சி விஷயம் எனக்குப் பிடித்த விஷயம். வத்தலக்குண்டில் டிடிபி வைத்திருந்த காலத்திலிருந்து இதோடு மல்லுக்கு நிற்கிறேன். கௌ என்பதில் கடைசியில் வருவது ள மாதிரி இருக்கிறது, ஆனால் ள இல்லை. ஔகாரக் குறி யுனிகோடில் தனி ஒரு குறி. அடிக்கிறவர் கண்ணுக்கு கொம்பு, க, ள என்று தெரிவதால் எகரக் கொம்பு போட்ட கெ அடித்து ளகரத்தை அடிக்கிறார். கெளஞ்சி. திரையில் ஒன்று, உள்ளே வேறு வேறு குறிகள். உங்கள் டேபிளில் இரண்டும் இருக்கின்றன. போர்டில் இருப்பதைப் பார்த்து கவுஞ்சி என்று அடித்தவரும் நிச்சயம் இருப்பார், தேடிப் பாருங்கள்.

'ெள' வருகிற இடமெல்லாம் ஔகாரமாக்கு என்று ஒட்டுமொத்தமாக ரீப்ளேஸ் போடத் தோன்றும். போட்டால் உங்கள் சரக்கே கெட்டுப்போகும். வெள்ளைப்பூண்டில் வ, எகரக் கொம்பு, ள, புள்ளி. அங்கே ள நிஜமான ள. ரீப்ளேஸ் போட்டால் வௌ மேல் புள்ளி ஏறி உட்காரும், எந்த ஃபாண்டும் அதை ஒழுங்காகக் காட்டாது. ள வுக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்று என்று நிபந்தனை வைக்கலாம், பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் உங்களிடம் இருப்பது சில ஊர்கள். அந்த வேலைக்கு நிபந்தனை எதற்கு? ஊர் டேபிளில் ஒரே ஒரு கௌஞ்சி வைத்து, உறுப்பினர் படிவத்தில் அடிக்கிற கட்டத்தை எடுத்துவிட்டுத் தேர்ந்தெடுக்கிற பட்டியலாக்கி, ஊர் எண்ணை மட்டும் சேமியுங்கள்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. கொடைக்கானலின் 'கொ'வில் ஒகரக் குறி ஒன்றாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். இதை யுனிகோடே ஒன்று என்று ஒத்துக்கொள்கிறது. பிஎச்பியில் நார்மலைசர் என்று இருக்கிறது, என்எஃப்சி வடிவத்துக்கு மாற்று என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். படிவத்திலிருந்து வரும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் அதில் ஒரு முறை போட்டு எடுத்துச் சேமியுங்கள். கெளஞ்சியை இது திருத்தாது, ள வைத் தொடாது.

இங்கிலீஷ் எழுத்தாக நிற்கும் பழைய விலாசங்கள்: அது டேட்டாபேஸ் கோளாறே இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று எங்காவது வருகிறதா பாருங்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அது 'தமிழ்'. அந்தக் காலத்தில் ஃபாண்ட்தான் எல்லாம். உள்ளே இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ் வேஷம். ஃபாண்ட் இல்லாத இடத்துக்கு வந்ததும் வேஷம் கலைந்துவிடும். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு ஃபாண்ட், ஒன்றுக்கொன்று ஆகாது. 1999ல் டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளாகத் தரப்படுத்தப் பார்த்தார்கள். 2010ல் தமிழ்நாடு அரசே யுனிகோடுக்கு வந்தது. அதற்கு முந்தி யாரோ வேர்டில் அடித்துவைத்த பட்டியலை உங்கள் தம்பி அப்படியே ஏற்றியிருப்பார்.

இதற்கு மட்டும் நள்ளிரவுத் தம்பி சொன்ன நெட் கன்வெர்ட்டர் சரி. ஆனால் எந்த ஃபாண்ட் என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், தப்பான ஃபாண்டைச் சொன்னால் வேறு குப்பை வரும். பழைய ஃபாண்டுகளில் எகரக் கொம்பை டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக்கு முன்னால் அடிப்பார்கள். யுனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால். நல்ல கன்வெர்ட்டர் இடம் மாற்றித் தரும், சுமாரானது கொம்பை முந்தின எழுத்தின் மேல் ஏற்றிவிடும். கொ, பே, தை வரும் நாலு விலாசத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு மற்றதை ஒட்டுங்கள். மாற்றிய பிறகு என்எஃப்சி.

மேல்மலைப்பூண்டு எழுதியது:

50ல வெட்டுப்பட்டது எல்லாம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கல்யாணம் கட்டிப் போனவங்க விலாசம்தான், ரெண்டு ஊரையும் சேத்து எழுதியிருக்காங்க. திருத்தியாச்சு, 1366 வரல. குன்னூர்க்காரர் சொன்ன மூணு பைட்டும் போட்டேன், எக்செல் ஒழுங்கா திறக்குது, பட்டியல் பேங்குக்குப் போயிருச்சு.

கவுஞ்சின்னு அடிச்சவங்களும் இருக்காங்க ஐயா, மூணு பேரு.

ஒரே ஒரு சந்தேகம். பட்டுவாடா ஆனதும் எல்லாருக்கும் தமிழ்ல எஸ்எம்எஸ் போகும். ரெண்டு எஸ்எம்எஸ் காசு எடுக்கிறான். மெசேஜ் 90 எழுத்துதான், 160 வரைக்கும் ஒண்ணுன்னுதானே சொன்னாங்க? இதுவும் சர்வர் மாத்தினதுல வந்ததா?

குன்னூர்_இலைக்கணக்கு எழுதியது:

இல்லை அக்கா, அது எப்போதுமே அப்படித்தான். 160 என்பது இங்கிலீஷ் எழுத்துக்கு, ஏழு பிட் கணக்கு. மெசேஜில் தமிழ்க் குறி ஒன்று வந்தாலே முழு மெசேஜும் பதினாறு பிட்டுக்கு மாறிவிடும், 70தான். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும், முருகாயிக்கு எட்டு போகும். 'அன்புள்ள உறுப்பினரே' என்பதை எடுத்துவிட்டு பெயர், எடை, தொகை மட்டும் வைத்தால் 70க்குள் அடங்கும். டெம்ப்ளேட் பதிவு செய்திருந்தால் அதையும் மாற்றிப் பதிய வேண்டும்.